ஏவிஸ் கெட்டில் திரும்பவில்லை

சாலோபி ஊரில் ஏவிஸ் கெட்டிலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை "வாயாடி" என்பதுதான். அதில் பொய் இல்லை. வெண்ணெய் கடையும்போது பானையோடு பேசுவாள், பால் கறக்கும்போது மாட்டோடு பேசுவாள், இரண்டு வேலையும் இல்லாவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவனை நிறுத்தி வைத்துப் பேசுவாள். அவள் புருஷன் வாட் கெட்டில் செத்தபோது, "பாவம், இனியாவது நிம்மதியாத் தூங்குவான்" என்று ஊரே சொன்னது. அழுகைக்கு நடுவில் அவளும் அதைக் கேட்டுச் சிரித்தாளாம்.

அப்படிப்பட்டவள் நான்கு மாதத்துக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவள் வாய் எப்போது திறக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் வேலை எனக்கு வாய்த்தது. சம்பளத்துக்காகச் செய்த கேவலமான வேலைதான். மறைக்க என்ன இருக்கிறது?

என் பெயர் பார்த்தலமி ஸ்பூனர். லெஸ்டர் நகரத்தில் ஹம்ஃப்ரி டாட் என்கிற வக்கீலிடம் குமாஸ்தா. பதினொரு வருஷம் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து எழுதி என் முதுகு வளைந்ததுதான் மிச்சம். எழுதிய சொற்களில் பாதிக்கு அர்த்தம் கேட்டால் விழிப்பேன். அதில் ஒரு சொல்லின் அர்த்தத்தை ஏவிஸ்தான் எனக்குக் காட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவளிடம் இருந்தது ஒரு வீடும், ஆற்றோரம் நாற்பது ஏக்கர் புல்வெளியும். அதுவும் அவளுக்குச் சொந்தமில்லை. ஆம்ப்ரோஸ் லேசி என்ற நிலப்பிரபுவுடையது. அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், பிறகு அவர் குடும்பத்துக்கே போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் அன்று இரண்டு கொழுத்த சேவல் கொடுக்க வேண்டும், அதுதான் குத்தகை. கோடையில் புல் அறுத்து முடிந்ததும் ஊரின் பதினொரு வீட்டு மாடுகளும் அந்த வெளியில்தான் மேயும். வாட்டின் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்தப் புல் இல்லையென்றால் மாடு இல்லை, மாடு இல்லையென்றால் சாலோபியில் பால் இல்லை, ஏர் இல்லை, பிழைப்பே இல்லை.

லேசிக்கு எழுபது தாண்டியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. அவருக்குப் பிறகு எல்லாம் தங்கை உர்சுலாவுக்கு. உர்சுலா நல்ல மாதிரி, "ஏவிஸுக்கு அப்புறமும் அந்தப் புல்லு ஊர் மாட்டுக்குத்தான்" என்று பலர் காதுபட சொன்னவள். ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆகாது. தாயாரின் வெள்ளிக் கிண்ணம் ஒன்றில் ஆரம்பித்த சண்டை என்பார்கள். தங்கை மேல் இருந்த எரிச்சலில் கிழவர், ஏவிஸின் காலத்துக்குப் பிறகு புல்வெளியை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஜெர்வாஸ் பிக்கரிங்குக்கு விற்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பிக்கரிங் ஆட்டுக்காரர். மேய்க்கிறவர் இல்லை, ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறவர். பக்கத்தில் நெதர்கோட் என்று ஒரு ஊர் இருந்தது, பதினேழு வீடு. அவர் வாங்கி வேலி போட்டார். இப்போது அங்கே ஒரு தேவாலயம் மட்டும் நிற்கிறது, அதற்குள்ளும் ஆடுதான் படுத்திருக்கிறது.

இந்தப் பத்திரத்தை லண்டன் கோர்ட்டுக்குப் போய் முறைப்படி செய்திருந்தால், ஏவிஸை நீதிபதிகள் முன் வரவழைத்து வாயைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். பிக்கரிங் எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆசாமி. லண்டன் பிரயாணத்துக்கு மனசு வரவில்லை. ஊரோடு முடித்துக்கொண்டார். அது அவர் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு, என் எஜமானர் டாட்டைக் கூட்டிக்கொண்டு ஏவிஸ் வீட்டுக்குப் போனது.

அக்டோபர் மாதம், மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் போனோம்.

"வாங்கய்யா, வாங்க. கால நல்லாத் தட்டிட்டு வாங்க, இப்பதான் பெருக்கினேன். இது யாரு, டாட் ஐயாவா? போன தடவ பாத்ததுக்கு ஒரு சுத்து பெருத்துட்டீங்களே, வக்கீல் வீட்டு அடுப்பு நல்லா எரியுதுபோல. இந்தத் தம்பிக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கறதில்லயா?" என்று எங்களை உட்கார வைத்தாள்.

டாட் பத்திரத்தை வாசித்தார். ஏவிஸ் மாவுக் கையைத் துடைக்காமல் கேட்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா," என்றார் பிக்கரிங். "'சரி'ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

"சொல்லலேன்னா?"

இங்கேதான் டாட் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பழைய சட்டச் சொல் என்றால் தேன்குடத்தைக் கண்டது போல. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாக் கேட்டீங்கம்மா! இதுக்குன்னே ஒரு சொல்லு இருக்கு, 'அட்டார்ன்'னு. அது எங்க பொறந்துது தெரியுமா? ரோமாபுரியில, மரம் கடையிற பட்டறையில. கடைசல்ல கட்ட திரும்புதில்ல, அந்தத் திரும்பல். அங்கேர்ந்து பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்துது. குதிரைக்குச் சேணம் பூட்டினாலும் அவன் அந்தச் சொல்லத்தான் சொல்லுவான், கல்யாணப் பொண்ணச் சிங்காரிச்சாலும் அதத்தான் சொல்லுவான். எத எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கம் திருப்பித் தயார் பண்றது. நார்மன் ராஜா கப்பல்ல ஏறி நம்ம கரைக்கு வந்தப்புறம்தான் சட்டத்துக்குள்ள நுழைஞ்சுது."

"டாட்," என்றார் பிக்கரிங்.

"இருங்க ஐயா. அந்தக் காலத்துல ஒரு குடியானவன் தன் ரெண்டு கையையும் சேத்து தலைவன் கைக்குள்ள வெச்சு சத்தியம் பண்ணுவாம்மா. அப்புறம் தலைவன் நிலத்த வித்துட்டான்னு வெச்சுக்குங்க. மண்ணு போகும், மரம் போகும், ஆடு மாடு போகும். ஆளு? அவன அவனோட ஜென்மப் பகையாளி கையில குடுத்துட்டா? அதான் சட்டம் யோசிச்சுது. ஆள யாரும் திருப்ப முடியாது. பழைய எஜமான்கிட்டேர்ந்து புதுசு பக்கம் அவனாத் திரும்பணும். அந்தத் திரும்பலுக்குத்தான் பேரு அட்டார்ன். அது நடக்கிற வரைக்கும் பத்திரம் பாதிப் பத்திரம்தான்."

ஏவிஸ் அவர் பக்கம் குனிந்தாள். "எனக்காக வேற யாராச்சும் திரும்பிட முடியுமா?"

"மகாராணியே வந்தாலும் முடியாதும்மா!" என்றார் டாட், என்னவோ அவரே அந்தச் சட்டத்தைச் செய்தது போல.

"எதெல்லாம் செஞ்சா திரும்பினதா ஆவும்?"

டாட் விரல்விட்டு எண்ணினார். "'சம்மதம்'னு சொன்னா ஆச்சு. 'சந்தோஷம்'னு சொன்னாலும் ஆச்சு. ஒரு காசு இவர் கையில குடுத்தா ஆச்சு. குத்தகைச் சேவல இவர்கிட்டக் குடுத்தீங்கன்னா முடிஞ்சே போச்சு."

"எது வரைக்கும்?"

"வித்தவரும் வாங்கினவரும் உசிரோட இருக்கிற வரைக்கும்தான். ரெண்டுல ஒருத்தர் போயிட்டா, இது வெறும் ஆட்டுத்தோலு." சொல்லிவிட்டு டாட், ஆட்டுத்தோலில் எழுதிய அந்தப் பத்திரத்தைத் தட்டிக் காட்டினார். பிக்கரிங்கின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் தாம் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

ஏவிஸ் தன் மாவுக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் இது என்கிட்டயா இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். எங்களைக் கேட்கவில்லை. பிறகு உதட்டை மடித்துக்கொண்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

அந்தச் சொல்லை நூறு பத்திரத்திலாவது எழுதியிருப்பேன். ஊரை விற்கிறார்கள், ஆற்றை விற்கிறார்கள், தேவாலயத்தைக்கூட விற்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் வெண்ணெய் கடையும் ஒரு கிழவியின் வாய்க்குள் மட்டும் யாராலும் புக முடியாத ஓர் இடத்தைச் சட்டம் ஐந்நூறு வருஷமாகக் காவல் காத்து வைத்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

திரும்பும் வழியில் டாட் சமாளிக்கப் பார்த்தார். "எங்க தொழிலுக்கு அட்டர்னின்னு பேரு வந்ததும் அதே சொல்லுலேர்ந்துதான் ஐயா."

"உம்ம தொழில் நாசமாப் போக," என்றார் பிக்கரிங்.

கணக்கு எளிமையானது. லேசி உயிரோடு இருக்கும்போதே ஏவிஸ் 'சரி' சொல்லிவிட்டால் பிக்கரிங்குக்கு ஜெயம். அவள் சொல்லாமலே லேசிக்கு முன்னால் செத்துப்போனாலும் அவருக்கு ஜெயம்தான். புல்வெளி கிழவர் கைக்கு வந்துவிடும், நேரில் நின்று தூக்கிக் கொடுத்துவிடுவார். வாயைத் திறக்காமல் லேசியைவிட ஒரு நாளாவது கூட இருந்தால் மட்டுமே அவளால் அந்தப் புல்லைக் காப்பாற்ற முடியும். லேசிக்கு மூச்சிரைப்பு. ஏவிஸுக்கு அறுபத்து நான்கு வயது.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று பிக்கரிங் என்னைச் சாலோபியிலேயே தங்க வைத்தார். ஏவிஸின் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் பியர் காய்ச்சி விற்பவள், அவள் மாடியில் எனக்கு ஒரு கட்டில். முதல் நாளே அவள் என்னை வரவேற்ற விதம் இது: "ஒட்டுக் கேக்கறதுக்குச் சம்பளமாய்யா? எங்க ஊர்ல அத சும்மாவே செய்வோம்."

ஏவிஸ் எவரிடம் பேசினால் எந்த வலையில் விழுவோமோ என்று ஒரேயடியாகப் பேச்சை நிறுத்திவிட்டாள். ஜாய்ஸிடம்கூடத் தலையசைப்புதான். வெண்ணெயைச் சந்தைக்கு ஜாய்ஸ் கொண்டுபோனாள். வழியில் பிக்கரிங் தொப்பியைக் கழற்றி, "புது எஜமானுக்கு ஒரு கும்பிடு கெடையாதா?" என்று கேட்டால், அவர் போய்த் தொலையும்வரை வேலிச் செடியையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"பீப்பாயை இறுக்கி அடைச்சா நாலே நாள்ல வெடிச்சுரும்," என்று ஜாய்ஸ் கவலைப்பட்டாள். "இவ எப்படித்தான் தாங்கறாளோ."

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங் பாதிரியாருக்கு ஓர் ஆட்டுக்கிடா அனுப்பினார். அன்று ஜெபத்தின் நடுவில், "புல்வெளிக்கு வரவிருக்கும் ஜெர்வாஸ் பிக்கரிங்கை ஆசீர்வதியும், அவருடைய குடிகள் அவரை மனமார ஏற்றுக்கொள்ளச் செய்யும்" என்று ஒரு வரி நுழைந்தது. சபை பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றது. நான் ஏவிஸுக்கு நேர் பின்பெஞ்சில் இருந்தேன். அவள் சொல்லவில்லை. அடுத்த ஜெபத்துக்கும் சொல்லவில்லை. எந்த ஜெபத்தில் என்ன இருக்குமோ என்று அன்று முதல் கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்குக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறு தவறாத மனுஷி. கன்னத்தில் கண்ணீர் ஓட, உதடு மட்டும் பூட்டியது பூட்டியபடி இருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று நல்ல பனி. கூடையில் இரண்டு சேவலோடு அவள் லேசி வீட்டுக்கு நடந்தாள், நான் பின்னாலேயே போனேன். வாசலில் பிக்கரிங் வீட்டுக்காரர் மாதிரி நின்றிருந்தார்.

"குடுங்கம்மா. நான் உள்ள குடுத்துடறேன்."

ஏவிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் கூடை, முக்காட்டின் மேல் பனி. காலையில் உட்கார்ந்தவள் மத்தியானமாகியும் எழுந்திருக்கவில்லை. சேவல்கள்தான் பொறுமை இழந்து கத்த ஆரம்பித்தன. மாடி ஜன்னல் திறந்தது. இரவுக்குல்லாவோடு லேசி எட்டிப் பார்த்தார்.

"யாருடா அது என் சேவலுக்கும் எனக்கும் நடுவுல?"

"நான்தான் ஐயா, பிக்கரிங்."

"நீ வாங்கினது அவ செத்த பின்னால. சேவல் இன்னிக்கி. தள்ளி நில்லு!"

கிழவர் அங்கியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே விட்டார். ஏவிஸ் கூடையைக் கட்டினாள். இருமிக்கொண்டே அவர் மேலே இழுத்தார். கூடை உள்ளே போனதும் இரண்டு கிழடுகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் பத்திரத்தைக் கிழித்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. தங்கையிடம் தோற்றதாகிவிடுமே.

அந்தப் பனி அவளைச் சும்மா விடவில்லை. ஜனவரியில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். "என் குடியானவளுக்கு" என்று பிக்கரிங் சூப் கொடுத்தனுப்பினார். ஏவிஸ் நடுங்கிக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள். ஜாய்ஸ் அதைக் கொண்டுபோய்த் பன்றித் தொட்டியில் ஊற்றிவிட்டு என் மாடியைப் பார்த்துக் கத்தினாள்: "பன்னி திரும்பிருச்சுய்யா! எழுதிக்க!"

நான்காம் நாள் காய்ச்சல் தலைக்கேறியது. பிக்கரிங் என்னைக் கட்டிலருகே உட்கார வைத்தார். அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். "உளறுவா. ஒரு வார்த்த போதும்," என்றார்.

உளறினாள். மூன்று மாதமாக அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்தது. மூன்று பகல் நான் கேட்டேன். செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்தது, பத்தொன்பது வயதில் வாட்டின் வண்டியில் இந்த ஊருக்கு வந்தது, மூன்று குழந்தைகளைப் புதைத்தது, ஒரே வெள்ளத்தில் ஆறு மாடு போனது, வாட் செத்த வாரம் லேசி தானே வந்து "நீ பாட்டுக்கு இரு" என்று சொல்லிவிட்டுப் போனது, எல்லாம் வந்தது. நடுநடுவே, "ஆண்டவரே, லேசி ஐயாவுக்கு நெஞ்சுல சளி, பாத்துக்கும்" என்று வேண்டினாள். அந்த மனிதர் செத்தால்தான் அவளுக்கு ஜெயம். அவளோ நினைவு தப்பிய நிலையிலும் அவர் பிழைக்க வேண்டும் என்று மன்றாடினாள். தலையில் இருந்த தொப்பியை நானாகவே கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தேவாலயத்தில்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் சொன்னாள்: "சரிடி... சரிடி செவப்பி... நில்லு, இதோ ஆச்சு, சரி."

பிக்கரிங் உள்ளே பாய்ந்தார். "கேட்டியா? சொல்லிட்டா! எழுது!"

"மாட்டுகிட்டச் சொன்னாங்கய்யா. பால் கறக்கறாங்க."

"மாட்ட விட்டுட்டு எழுது."

மை தொட்ட இறகு என் கையில் இருந்தது. இரண்டு எழுத்து எழுதினால் போதும், பதினொரு வீடு காலி. நான் எழுதினேன்: 'மேற்படி ஏவிஸ், காய்ச்சலில், தன் சிவப்புப் பசுவிடம் "சரி" என்றாள்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

என்னை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லி பிக்கரிங் அந்தத் தாளோடு டாட்டிடம் போனார். டாட் அதை இரண்டு முறை படித்தாராம். "இதுல என்ன தப்பு? சரியாத்தானே எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று.

ஏவிஸ் பிழைத்தாள். எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்தாள், மறுபடி வாயை மூடிக்கொண்டாள். பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு பகலில், லேசி இறந்துபோனார்.

செய்தி தெரிந்ததும் நான் சேற்றில் ஓடினேன். ஏவிஸ் அடுப்பருகே போர்வைக்குள் இருந்தாள்.

"அம்மா, இனிமே பேசலாம்! லேசி ஐயா காலமாயிட்டாரு. பத்திரம் செல்லாது. புல்வெளி உர்சுலா அம்மாவுக்குப் போகுது, ஊர் மாடெல்லாம் பொழச்சுது. நீங்க ஜெயிச்சுட்டீங்க!"

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போர்வையை விலக்கினாள். காய்ச்சலில் உளறியது தவிர நான்கு மாதமாகப் பேசாத குரல் கரகரத்தது.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"எங்கம்மா?"

"அவரு போறப்ப."

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. இனி பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததுமே பிக்கரிங் வேறு வக்கீலைத் தேடி விடிகாலையிலேயே குதிரை ஏறிவிட்டார். தங்கைக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. வேலைக்காரி கீழே சமையலறையில் இருந்தாள்.

"யாரும் இல்லம்மா."

"யாருமேயா?"

"ஆமாம்மா."

அவள் முகம் கோணியது. வாட் செத்தபோது சிரித்தவள், மூன்று குழந்தைகளைப் புதைத்தவள், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா தவழ்ந்தாவது போயிருப்பேனே தம்பி," என்றாள். "அவரு ஆளுதானே நான்."

பிறகு பெட்டியைத் திறந்து, பிரேதத்தைக் குளிப்பாட்டத் துணி எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி லேசி வீட்டுக்கு நடந்தாள்.